முழங்கால் தண்ணீரில் இறங்கும் விருந்தாளிகள்

திருத்தணியில் 365 படி ஏறி மலைமேல் நின்றால், சுற்றிலும் வயலும் ஏரியும் தெரியும். ஊரை ஒட்டி ஓடும் நந்தியாறு கொசஸ்தலையாற்றில் கலந்து, 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் மாவட்டத்து ஏரிகள் நிரம்பியதும், இமயமலை தாண்டி ஊசிவால் வாத்தும் உள்ளானும் வந்து சேரும்.

ஏரி நிரம்பினால் மட்டும் போதாது. நாரையும் உள்ளானும் ஆழத்தில் இறங்காது. ஓரத்தில் சேறும் முழங்கால் தண்ணீரும் வேண்டும். ஒரே வாரத்தில் மழை கொட்டித் தீர்த்தால் அந்த இடம் மூழ்கிவிடும். மழை பொய்த்தால் தை மாதமே காய்ந்து வெடித்துவிடும். வரத்துக் கால்வாயை மறித்து மனை போட்டால், நல்ல மழையிலும் தண்ணீர் ஏரிக்கு வராது; தெருவுக்குள் புகும். பறவைக்கு இரை போகும். நமக்கு இரண்டாம் போகம் போகும்.

பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அறிந்தே, வேடந்தாங்கல் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள்.

அனுமதி பெற்று வண்டல் எடுக்கும்போது ஏரியின் நடுப்பகுதியில் எடுங்கள். தண்ணீர் வரும் பக்கத்துச் சரிவையும், அங்கே நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களையும் விட்டுவையுங்கள். ஆவணிக்குள் ஊர்கூடி வரத்துக் கால்வாயைத் தூர்வாருங்கள்.