சிவப்புச் சதுரம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செங்கல் சூளையில் வேலை. ஆகவே என் படிப்புச் செலவு முகூர்த்த நாட்களின் கையில் இருக்கிறது. தை, வைகாசி, ஆவணி என்று கல்யாண மாதங்கள் வந்தால் எங்கள் ஊர் ஸ்டூடியோ ஒன்றுக்காக இரண்டாவது காமிரா பிடிக்கப் போவேன். "பொத்தானை அமுக்குவதற்குக் கூலியா?" என்று வகுப்பு நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அமுக்கிய பிறகு நடந்த ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்ற வைகாசியில் ஒரு திருமணம். ஸ்டூடியோ முதலாளியை நாங்கள் அண்ணன் என்றே அழைப்போம். அவர் மேடைக்கு வலப்புறம், நான் இடப்புறம். தாலி கட்டும் நேரத்தில் அவருக்கு முன்னால் பெரியவர் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். அந்த நொடிக்கு என் படங்கள்தாம் மிச்சம். இரவு கணிப்பொறியில் போட்டுப் பார்த்தோம். ஒன்பது படங்கள். ஒன்பதிலும் மணப்பெண்ணின் முகம் ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல் மங்கிக் கிடந்தது.

"ஏன்டா தம்பி, பொண்ணு மூஞ்சி எங்கடா?"

"லென்ஸ் சரியில்லண்ணே. ஃபோகஸ் நிக்கவே மாட்டேங்குது."

வாயில் வந்ததைச் சொன்னேன். ஆனால் அந்தச் சொல் வேறிடத்தில் போய்த் தைத்தது. எங்களோடு பை தூக்க ஒரு பையன் வருவான். பத்தாவதோடு நின்றவன், என்னை வாய் நிறைய 'அண்ணே' என்பவன். அதற்கு முந்தைய வாரம் மழையில் வண்டி சறுக்கி, காமிராப் பையோடு விழுந்திருந்தான். "அன்னைக்கே அடிபட்டிருக்கும்" என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். அவனை இனி வரவேண்டாம் என்றார்; தரவேண்டிய பணத்தையும் நிறுத்தி வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எதுவும் பேசவில்லை.

லென்ஸைச் சென்னைக்குப் பழுதுபார்க்க அனுப்புவதற்காக, பழுது தெரியும் படங்களாக நான்கைப் பொறுக்கித் தரச் சொன்னார் அண்ணன். ஸ்டூடியோவில் நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது லைட்ரூம். அது படத்தைத் திருத்தும். ஆனால் காமிரா எந்த இடத்தைக் குறிவைத்தது என்பதைத் தானாகக் காட்டாது. அதற்குத் தனிச் செருகுநிரல் வேண்டும். காமிரா நிக்கான் டி7500 என்பதால், அந்த நிறுவனம் 2021-இல் இலவசமாக வெளியிட்ட என்.எக்ஸ். ஸ்டூடியோவில் படங்களைத் திறந்தேன். கேனானுக்கும் சோனிக்கும் இதுபோல் அவரவர் மென்பொருள் உண்டு. குவியப் புள்ளியைக் காட்டும் பொத்தானைத் தட்டினேன். படத்தின் மேல் ஒரு சிவப்புச் சதுரம் வந்து உட்கார்ந்தது.

இது எப்படிச் சாத்தியம் என்று கேட்பீர்கள். இந்தக் காமிராவில் குவியம் பிடிக்க 51 புள்ளிகள் உண்டு. லென்ஸின் இரு ஓரங்கள் வழியே வரும் ஒளியைப் பிரித்து, இரண்டு பிம்பங்களும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று அளந்து, அவை பொருந்தும்வரை லென்ஸை நகர்த்துகிறது. எந்தப் புள்ளியில் பொருந்தியது என்பதையும் படத்தோடு கோப்புக்குள்ளேயே எழுதி வைத்துவிடுகிறது. வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு போய்விடும். மூலக் கோப்பில் அப்படியே இருக்கும். நாம் மறந்தாலும் கோப்பு மறப்பதில்லை.

ஆறு படங்களில் சதுரம் நின்ற இடம், அட்சதை தூவ நீண்ட ஒரு கை. இரண்டில், பின்னால் நாத்தனார் பிடித்திருந்த விளக்கு. சதுரம் நின்ற இடமெல்லாம் பளிச்சென்று இருந்தது. அந்தக் கையின் ரேகையைக் கூட எண்ணலாம். சதுரம் முகத்தில் நின்று, தெளிவு மட்டும் முன்னாலோ பின்னாலோ விலகிப் போயிருந்தால் லென்ஸைச் சந்தேகிக்கலாம். இங்கே அப்படியில்லை. புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் காமிராவிடமே விட்டிருந்தேன். அது எதிரே நீண்ட கையைப் பிடித்துக்கொண்டது. ஒன்பதாவது படம் வேறு கதை. சதுரம் சரியாகப் பெண்ணின் கண்மேல்தான். ஆனால் நான் வைத்திருந்த வேகம் 1/50 நொடி. அவள் தலை குனிந்துகொண்டிருந்தாள். அதுவும் என் கணக்குத்தான்.

பிறகு நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 மில்லிமீட்டர் லென்ஸ், துளை 1.8, தூரம் 2 மீட்டர். தெளிவாக விழும் ஆழம் மொத்தம் சுமார் 11 சென்டிமீட்டர், அரைச் சாண். நீட்டிய கைக்கும் பெண்ணின் முகத்துக்கும் இடையே ஒரு முழமாவது இருந்திருக்கும். இந்தச் சமன்பாட்டைத் தேர்வில் பிழையில்லாமல் எழுதியவன் நான்!

அன்றிரவு நான் தூங்கவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும்தான் பயம் வந்தது. சொன்னால் எனக்கும் இனி முகூர்த்தம் இல்லை என்றாகலாம். அடுத்த பருவக் கட்டணம் கண்முன் நின்றது. சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அந்தப் பொத்தான் ஒன்று இருப்பதே அண்ணனுக்குத் தெரியாது.

பத்து மணிக்கு அண்ணனை உட்கார வைத்து ஒன்பது படங்களையும் சதுரத்தோடு காட்டினேன். வெகுநேரம் பேசாமல் பார்த்தார்.

"ஆட்டோல விட்டது நீதானா?"

"ஆமாண்ணே."

அந்தத் திருமணத்துக்கான கூலி எனக்கு இல்லை என்றார். பையனைத் தொலைபேசியில் அழைத்து, வந்து பணத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார். தாலி கட்டும் காட்சிக்கு வீடியோவிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்து ஆல்பத்தில் வைத்தோம். அது போதவில்லை என்பது அந்தப் பெண்ணின் தாயார் பக்கத்தைப் புரட்டிய விதத்திலேயே தெரிந்தது.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பையன் வந்திருந்தான். என்னிடம் பேசவில்லை. தாலி எடுத்துக் கொடுக்கும் சமயம், பையிலிருந்து காமிராவை எடுத்தவன் எதையோ திருகிவிட்டு என் கையில் கொடுத்தான். கண் வைத்துப் பார்த்தேன். ஒற்றைப் புள்ளியில் வைத்திருந்தான்.