என் மீசையும் ஏ.ஆர். ரகுமானும்

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. போகாதவர்களுக்காக: அந்தக் காலத்தில் அது ஒரு தியான மண்டபம். கேட்டைச் சாத்திவிட்டால் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் டீ குடிப்பார். கண்டக்டர் டிக்கெட் கணக்கை இரண்டாம் தடவை தப்பாகக் கூட்டுவார். அரிசி மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி முன்னால் போகும். 'அப்பாடா, போயிடுச்சு' என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் அதே வண்டி பின்னால் வரும். அந்த அரை மணி நேரமும் பஸ்ஸில் ஓடுவது பாட்டு மட்டும்தான்.

என் சங்கீத ஞானம் முழுக்க அந்த கேட்டில் சம்பாதித்தது. தஞ்சாவூரில் ஓர் ஆபீஸில் கிளார்க் உத்தியோகம். போகும்போது ஒரு கேட், வரும்போது ஒரு கேட். ஒரு பஸ்ஸில் ராஜா, அடுத்த பஸ்ஸில் தேவா. "யார் மியூசிக்காவது போட்டுட்டுப் போகட்டும் தம்பி, எஸ்.பி.பி. பாடறாரா, போதும்" என்பார் தேவா பஸ் டிரைவர். அன்றைக்கு அந்த மனிதரை ஞானசூன்யம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், ஊரிலேயே சமாதானமாக இருந்த ஒரே ரசிகர் அவர்தான்.

எங்கள் வீட்டில் மூன்று ஆண்கள், மூன்று கட்சி, ஒரே ஒரு டேப் ரிக்கார்டர்.

ரைஸ் மில்லில் கணக்கு எழுதிய அப்பா, எம்.எஸ்.வி. கட்சி. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965-ல் பிரிந்ததை, ஏதோ எங்கள் குடும்பச் சொத்தில் பாகப்பிரிவினை ஆன மாதிரி துக்கத்தோடு சொல்வார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்து இலங்கை வானொலி அதையே திரும்பத் திரும்பப் போட்டபோது அப்பா சொன்ன விமரிசனம் எங்கள் தெருவில் பிரசித்தம்: "நடவுக்குப் போற பொம்பளைங்க பாடறதை வரப்புல நின்னா ஓசியில கேக்கலாம். அதுக்குப் போயி டிக்கெட் எடுக்கணுமாடா?"

அந்த நடவுப் பாட்டைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். எனக்கு மீசை முளைத்த வருஷங்களில் ராஜாதான் காற்று, ராஜாதான் தண்ணீர். வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் கோடு போட்டு, பன்னிரண்டு பாட்டு எழுதி, ஒரு காலி கேஸட்டோடு மியூசிக்கல்ஸ் கடையில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் நடையாய் நடக்க வேண்டும். கடைக்காரர் ஒரு சர்வாதிகாரி. பன்னிரண்டு பாட்டும் முடிந்து கடைசியில் இரண்டு நிமிஷம் நாடா மிச்சம் இருந்தால், அதில் நாம் கேட்காத ஒரு சங்கர்-கணேஷ் பாட்டைப் பாதி வரைக்கும் போட்டு நிரப்பிவிடுவார். "காலியா இருந்தா நல்லாருக்காது சார்" என்பார்.

ராஜா ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்து, இத்தனை வயலினும் எந்த இடத்தில் என்ன வாசிக்க வேண்டும் என்று மொத்தத்தையும் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார் என்று படித்தபோது புல்லரித்துப் போனேன். 1986-ல் தியாகராஜருக்கும் பாக் என்கிற ஜெர்மன்காரருக்கும் காணிக்கையாக ஒரு வாத்திய இசை ஆல்பம் போட்டார். தியாகராஜரின் திருவையாறு எங்களுக்குப் பக்கம். பாக் கொஞ்சம் தூரம். இருந்தாலும் ஏதோ ஒரு பத்திரிகையில் 'கவுண்டர் பாயிண்ட்' என்ற வார்த்தையைப் பொறுக்கி வந்து, அர்த்தம் தெரியாமலேயே பல வருஷம் உபயோகித்தேன். எதிராளி வாயை அடைக்க அதைவிடச் சிறந்த ஆயுதம் கிடையாது. "அதுல இருக்கிற கவுண்டர் பாயிண்ட்டைக் கவனிச்சியா?" என்று கேட்டால் ஊரில் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்.

தம்பி திறந்தான். 1992 ஆகஸ்டில் 'ரோஜா' வந்தது. மன்னார்குடியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தவன் கையில் ஒரிஜினல் கேஸட்டோடு ஓடி வந்து, "அண்ணே, ஒரே ஒரு தடவை கேளுண்ணே" என்றான். மின்மினி பாடிய அந்தப் பாட்டு ஓடி முடிந்தது. நான் தீர்ப்புச் சொன்னேன்: "தகர டப்பா. கம்ப்யூட்டர்ல போட்ட மியூசிக். ஒரு தீபாவளி தாங்காது."

"உலகம் பூரா இவரைக் கேக்கப் போவுதுண்ணே."

"வெளிநாட்டுக்காரன் கேட்டு இந்தப் பையனுக்குப் பரிசு குடுத்தான்னா, என் மீசையில பாதியை எடுத்துக்கறேன்டா!"

அப்பா ஈஸிசேரில் படுத்தபடி இதையெல்லாம் அனுபவித்துக்கொண்டிருந்தார். "1976-ல நான் சொன்னதைத்தான்டா இப்ப நீ சொல்றே. வார்த்தை கூட மாறல."

அந்தத் தீபாவளிக்கு 'தேவர் மகன்' வந்தது. எனக்கு உயிர் வந்தது. அப்புறம் தேசிய விருது 'ரோஜா'வுக்குப் போனது. எனக்குக் காய்ச்சல் வந்தது. "அவரே எங்க ராஜாகிட்ட கீபோர்டு வாசிச்சவர்தான்டா" என்றேன். "உங்க ராஜா ஜி.கே. வெங்கடேஷ்கிட்ட உதவியாளரா இருந்தவர்தானே?" என்றான். 'தளபதி'யோடு மணிரத்னம் ராஜாவை விட்டுப் போனதை, சொந்த மச்சான் கட்சி மாறின மாதிரி எடுத்துக்கொண்டேன். "கிராமத்துப் படத்துக்குப் போடச் சொல்லுடா பார்ப்போம்" என்று கடைசி அஸ்திரத்தை விட்டேன். 1993-ல் பாரதிராஜாவே 'கிழக்குச் சீமையிலே' எடுத்து ரகுமானைக் கூப்பிட்டு என் அஸ்திரத்தை முறித்துப் போட்டார். அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாட்டு நன்றாக இருந்ததுதான் காரணம். அதை வெளியில் சொல்ல முடியுமா?

கேட்டுப் பக்கம் டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலைச் சின்ன வயசில் நேரில் கேட்டவர். பிள்ளைவாள் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாயனத்துக்கே தவில் வாசித்தவர், 1949-ல் காலமாகிவிட்டார். நானும் தம்பியும் பெஞ்சில் கட்டிப் புரளாத குறையாக வாதாடும்போது பெரியவர் டம்ளரைக் கவிழ்த்துவிட்டுச் சொல்வார்: "அவரு போனதோட தாளம் போச்சுடா. நீங்க ரெண்டு பேரும் எதுக்கு இப்படி அடிச்சுக்கிறீங்க?"

சிரிப்போடு போய்க்கொண்டிருந்த இந்த விஷயம், 1995-ல் தங்கை கல்யாணத்தின்போது கெட்டுப் போனது. மாப்பிள்ளை அழைப்பு நேரம். பூவரச மரத்தில் குழாய் கட்டி, ராஜா பாட்டாக எழுதி மைக் செட்காரரிடம் கொடுத்திருந்தேன். திடீரென்று குழாயில் 'பம்பாய்' பாட்டு. தம்பி மாற்றியிருக்கிறான். டியூஷன் எடுத்த காசில் வாங்கிய ஒரிஜினல் கேஸட் அது. நான் போனேன். கேஸட்டை வெளியே எடுத்தேன். ஆள்காட்டி விரலை விட்டு நாடாவை இழுத்தேன். சம்பந்தி வீட்டார் உட்பட எல்லோரும் பார்க்க, முழம் முழமாக இழுத்துக் கீழே போட்டேன். ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து அந்தச் சிக்கலை அள்ளி, புதுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

எட்டு மாசம் அவன் என்னோடு பேசவில்லை. அம்மாதான் தபால் இலாகா. "அவன் சோப்பை எடுத்துட்டானான்னு கேளும்மா." "எடுக்கலைன்னு சொல்லும்மா." அப்புறம் அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் வரைக்கும் நான்தான் கூடப் போனேன். கேட் சாத்தியிருந்தது. அன்றைக்கென்று அந்த பஸ்ஸில் டேப் ரிப்பேர். அரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, போய்ப் போய் வந்த கூட்ஸ் வண்டியை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எத்தனை வேகன் என்று கூட எண்ணினேன். 'மன்னிச்சுக்கடா' என்பதற்கு எத்தனை நேரம் ஆகும்? எனக்கு வரவில்லை.

அவனை மெட்ராஸ் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த இரவு, அலமாரியில் அவனுடைய வாக்மேன் இருந்தது. குவைத்திலிருந்து வந்த சிநேகிதனிடம் விலை பேசி வாங்கியது. என்னைத் தொட விட்டதே இல்லை. மறந்துவிட்டான் போல என்று நினைத்தேன். உள்ளே 'கிழக்குச் சீமையிலே'.

போர்வைக்குள் புகுந்துகொண்டு கேட்டேன். எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டருக்கு ஒரே ஸ்பீக்கர். அப்பா அதன் மேல் பவுடர் டப்பா, மூக்குக் கண்ணாடி, பஞ்சாங்கம் எல்லாம் வைத்து வைத்து வலை நசுங்கிப் போனது. நான் 'தகரம்' என்று தீர்ப்புச் சொன்னது அந்த ஸ்பீக்கரைத்தான். இங்கே, இடது காதில் ஒரு சத்தம் ஆரம்பித்து வலது காதுக்குப் போயிற்று. பாடுகிறவர் மூச்சு எடுப்பது கேட்டது. அடியில், வயிற்றைத் தொடுகிற மாதிரி ஒரு முழக்கம். வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்துக்கொண்டு, ராத்திரி ராத்திரியாக ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகப் பதிந்து அடுக்குகிறார் என்று தம்பி தலையால் அடித்துக்கொண்டு சொன்னானே, அந்த அடுக்கு!

விடிகாலை மூன்று மணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. எழுந்து போய் என்னுடைய 'தளபதி' கேஸட்டை எடுத்து வாக்மேனில் போட்டேன்.

அங்கேதான் எனக்கு விழுந்தது அடி. ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. ஆனால் பாடகர் ஒரு வழியில் போக, பேஸ் கிட்டார் தனியாக வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டு இன்னொரு வழியில் போகிறது. வயலின்கள் அதற்கு மேலே மூன்றாவது வழி. மூன்றும் ஒன்றையொன்று இடிக்காமல் வந்து ஓரிடத்தில் கூடுகின்றன. அட, கவுண்டர் பாயிண்ட் என்பது இதுதானா! யாருக்காகப் பத்து வருஷம் ஊரோடு சண்டை போட்டேனோ, அவரையே நான் பாதிதான் கேட்டிருக்கிறேன். மீதிப் பாதியைக் கேட்க எதிர்க்கட்சிக்காரனின் வாக்மேன் தேவைப்பட்டது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. ரகசியமாக ரகுமான் கேட்பது, சைவ ஓட்டல்காரர் பக்கத்துத் தெருவில் பிரியாணி சாப்பிடுகிற மாதிரிதான். அப்பாவும் அந்த ஜாதிதான் என்று பிறகு கண்டுபிடித்தேன். எம்.எஸ்.வி.யும் ராஜாவும் சேர்ந்து இசையமைத்த 'மெல்லத் திறந்தது கதவு' கேஸட்டை 1986-ல் 'விஸ்வநாதனுக்காக' என்று சொல்லித்தான் வாங்கினார். ஆனால் கிணற்றடியில் குளிக்கும்போது அவர் முணுமுணுத்ததெல்லாம் கலப்படமில்லாத ராஜா. நான் வருகிற சத்தம் கேட்டால் டக்கென்று 1962-க்குப் போய்விடுவார்.

தம்பியும் நானும் மறுபடி பேச ஆரம்பித்ததற்கு ஐ.எஸ்.டி. கட்டணம்தான் காரணம். மீட்டர் அப்படி ஓடுகிறபோது யாரும் இசை விவாதம் செய்ய மாட்டார்கள். "நல்லா இருக்கியா?" "இருக்கேன்." சமாதானம் ஆகிவிட்டது. கேஸட்டைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2009 பிப்ரவரி 23, திங்கள்கிழமை காலை. ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். டி.வி.யில் ரகுமான் இரண்டு ஆஸ்கார். மேடையில் நின்று தமிழில் ஒரு வாக்கியம் சொல்கிறார். என் கண்ணில் தண்ணீர். அதே நேரம் செல்போன் அடிக்கிறது, சிங்கப்பூர்.

"அண்ணே... மீசை இருக்கா?"

வாக்கு வாக்குதான். பார்பரிடம் போய் உட்கார்ந்து, "பாதியை எடுங்க" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "பாதியோட வெளியில அனுப்பினா நாளைக்கு எவன் சார் என் கடைக்கு வருவான்?" என்று முழுவதையும் வழித்துவிட்டார். ஆபீஸில் நுழைந்ததும் சூப்பரின்டெண்ட் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா எப்ப தவறினாரு? ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" என்றார். மாலை வாங்க ஆள் கிளம்பிவிட்டது. ஏ.ஆர். ரகுமானால் மீசை போயிற்று என்று அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் லஞ்ச் டயம். சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட அப்பா, "நான் செத்தாக் கூட நீ இவ்வளவு சுத்தமா எடுத்திருக்க மாட்டே" என்றார்.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது, தம்பிக்கு நான் அனுப்பிய மெஸேஜ்களை இங்கே சொன்னால் அடக்கமாக இருக்காது. விட்டுவிடுகிறேன்.

ஆனால் 2023 பொங்கலை விட மாட்டேன். தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். தஞ்சாவூரிலிருந்து காரில் வருகிறோம், கேட் சாத்தியிருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' பாட்டைப் போட்டு, "பாத்தியாண்ணே, நம்ம காவேரிக்கே யாரு மியூசிக்குன்னு" என்று அவன் ஆரம்பித்தபோது, பின்சீட்டில் அவன் பையன் காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டு, "அப்பா, ரகுமான்லாம் உங்க ஜெனரேஷன். அனிருத் போடுங்க" என்றான்.

தம்பி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இது என்னடா, ஒரே இரைச்சல், இதெல்லாம் ஒரு தீபாவளி தாங்குமாடா?" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பெரியப்பா ஏன்ப்பா சிரிக்கிறாரு?" என்றான் பையன். கூட்ஸ் வண்டி முன்னால் போய்விட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தது. இறங்கிப் போய் இரண்டு பேரும் டீ வாங்கினோம்.

சிரித்த வேகத்தில் சொல்லிவிட்டேன். "டேய், உன் வாக்மேன் என்கிட்டதான்டா இருக்கு. நீ போன அன்னைக்கு ராத்திரியே கேட்டேன். விடியற வரைக்கும் கேட்டேன். அந்தக் கல்யாணத்துல நான் செஞ்சது..."

தம்பி டீயை ஊதிக்கொண்டே தண்டவாளத்தைப் பார்த்தான்.

"பேட்டரி புதுசு போட்டு வெச்சிருந்தேனேண்ணே, எத்தனை நாளைக்கு வந்துச்சு?" என்றான்.