குருதியில் எழுதும் முதுமை

நோய் என்றால் பாவத்தின் கூலி என்னும் எண்ணம் நம் மக்களின் உள்ளத்தில் இன்னும் வேரூன்றி நிற்கிறது. அதற்கு மறுமொழி தேடிய வேளையில், வாயில்லாச் சீவனாகிய நாய் நமக்கு ஓர் ஆசானாயிற்று.

சங்கரன்கோவிலுக்கு வடக்கே அமைந்த இராசபாளையத்தின் வெண்ணிற வேட்டைநாயை இப்பகுதியில் அறியாதார் இலர். 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை அதற்குத் தபால்தலை வெளியிட்டுப் பெருமை செய்தது. அத்தகைய நாயும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கால் தளர்ந்து, கண் மங்கிப் படுத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத மற்றொரு முதுமை அதன் குருதிக்குள்ளும் நிகழ்கிறது.

இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. மனித உடலில் நாள்தோறும் ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்கள் புதிதாய்த் தோன்றுகின்றன. அவற்றை ஈனும் மூல அணு பிரியும் ஒவ்வொரு முறையும் மரபுச் செய்தி முழுவதும் படியெடுக்கப்பட வேண்டும். ஏடு பெயர்த்தெழுதுவோர் கையில் எங்கோ ஓரெழுத்துப் பிறழ்வதுபோல் இங்கும் பிழை நேர்கிறது. ஆண்டுகள் ஏற ஏறப் பிழைகள் சேர்கின்றன. சிலவேளை, பிழையுற்ற ஒரே அணுவின் வழித்தோன்றல்கள் பெருகிக் குருதியில் ஒரு பங்கைத் தமதாக்கிக்கொள்கின்றன. எழுபதைக் கடந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரிடம் இந்நிலை உண்டென 2014-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அவர்களுள் மிகப்பலர் புற்றுநோயின்றியே வாழ்ந்து முடிக்கின்றனர். சிலருக்கே அது இரத்தப் புற்றுநோயாக முற்றுகிறது.

நாயும் இதற்கு விலக்கன்று. பதினாறு வகைப் பாலூட்டிகளின் குடல் அணுக்களை ஒப்பிட்ட 2022-ஆம் ஆண்டு ஆய்வு, வாழ்நாள் குறுகிய உயிர்களில் இப்பிழைகள் விரைந்து சேர்வதைக் கண்டது. மனிதன் எண்பது ஆண்டுகளில் சேர்ப்பதற்கு ஏறத்தாழ நிகரான சுமையை நாய் பன்னிரண்டு ஆண்டுகளில் சேர்த்துவிடுகிறது. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்காக 1990-இல் நோபல் பரிசு பெற்ற டானல் தாமஸ், மனிதரிடம் செய்த முதல் முயற்சிகள் பயனளிக்காதபோது, நாய்களிடமே பல்லாண்டு ஆய்ந்து அம்முறையைச் செம்மைப்படுத்தினார். இரத்தப் புற்றிலிருந்து மீண்டோர் பலர் அந்த நாய்களுக்கும் கடன்பட்டவர்கள்.

நமது பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவருக்கு அந்நோய் கண்டபோது, அக்கம்பக்கத்தார் நா சும்மா இருக்கவில்லை. முன்னோர் செய்த பாவம் என்றனர். பேத்திக்குப் பேசிவந்த வரனும் பின்வாங்கியது.

“சாமி, எங்க குடும்ப இரத்தமே கெட்டுப்போச்சா?” என்று அவருடைய மனைவி அழுதார்.

முற்றத்தில் படுத்திருந்த கிழட்டு நாயை நாம் சுட்டிக்காட்டினோம். “அம்மா, இது பத்துக் கட்டளைகளில் எதை மீறியது? இதன் இரத்தமும் முதுமையடையத்தானே செய்கிறது! வயதினால் வரும் இம்மாற்றம் தாய்தந்தை தந்ததன்று, பேரப்பிள்ளைகளுக்குச் செல்வதுமன்று.”

அவர் நெடுநேரம் நாயையே பார்த்திருந்தார். போன வரன் திரும்பவில்லை. ஆனால் அன்றுமுதல் அவ்வீட்டார் நோயை ஒளிக்கவில்லை.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று வினவினார்கள். இருவருமல்லர் என்றார் ஆண்டவர். நோயுற்றவர் வாசலில் நின்று பாவக்கணக்குப் பார்ப்பது நம் வேலையன்று. தோபியாவின் நெடும்பயணத்தில் அவனுடைய நாய் கேள்வி எதுவும் கேளாமல் உடன்சென்றது. முதியோருக்கும் பிணியுற்றோருக்கும் நாம் செய்யவேண்டியது அதுவே.