ஐயாவின் வானொலிப் பெட்டி

பழைய வால்வுத் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தேடியெடுத்துப் புதுப்பிப்போர் மேலைநாடுகளில் பலர் உண்டு. இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979 இல் வந்தபோது வால்வுகளின் காலம் ஏறத்தாழ முடிந்திருந்தது. ஆகவே எங்கள் வீடுகளில் வால்வு என்றால் அது வானொலிதான்.

யாழ்ப்பாணத்து வீட்டின் பின்னறையில் சாக்கினால் சுற்றிக் கிடந்த ஐயாவின் வானொலிப் பெட்டியை 2019 இல் வெளியே எடுத்தேன். பின்பலகை இல்லை. அதில் ஒட்டியிருந்த மாதிரி இலக்கமும் அதோடு போய்விட்டது. முகப்பில் கம்பனிப் பெயர் இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டுமே எஞ்சியிருந்தன.

வானொலி திருத்தும் முதியவர் ஒருவரை அழைத்து வந்தேன். எண்பதைக் கடந்தவர். அவருடைய முதற் கேள்வி இது:

"தம்பி, பிளக்கைக் குத்திப் பாத்தனீரோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப தப்பிச்சுது."

பெயர் தெரியாத பெட்டியை வால்வுகளைக் கொண்டு அடையாளம் காணலாம் என்றார். கண்ணாடியை மெல்லத் துடைத்து இலக்கங்களை வாசித்தார்: ஈ.சி.எச். 81, ஈ.எஃப். 89, ஈ.பி.சி. 81, ஈ.எல். 84, ஈ.இஸட். 80. முதல் எழுத்து இழைக்குரிய 6.3 வோல்ற்றையும், அடுத்து வரும் எழுத்துகள் வால்வின் வேலையையும் குறிக்கும். இந்த வரிசை 1950 களுக்கு முந்திய பெட்டியில் இராது. நெட்டலை இல்லாமல் சிற்றலைப் பிரிவுகளே பல இருந்ததால், வெப்பவலய நாடுகளுக்கென்று செய்யப்பட்டது என்றும் சொன்னார்.

உடனே மின்சாரம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். பழைய மெழுகுக் காகிதக் கொண்டென்சர்கள் காலப்போக்கில் கசியத் தொடங்கும். அவற்றுள் ஒன்று கடைசி வால்வின் வாசலில் காவல் நிற்பது. அது கசிந்தால் வால்வு அளவுக்கு மீறி மின்னை இழுத்துத் தானும் கெட்டு, ஒலிபெருக்கிக்கு முன்னுள்ள மாற்றியையும் எரித்துவிடும். அவற்றையெல்லாம் மாற்றிய பின்னரே, 100 வாற் இழைக் குமிழொன்றைத் தொடரில் இணைத்து மின்சாரம் கொடுத்தார். உள்ளே கோளாறு இருந்தால் குமிழ் முழு வெளிச்சத்தோடு எரியும், பெட்டி பிழைத்துக்கொள்ளும்.

இந்தப் பெட்டிக்கு 1990 வரை ஓய்வில்லை. நான் கொழும்பில் பத்திரிகையில் இருந்தேன். அவசரகாலச் சட்டத்தின் கீழ் தணிக்கை நடந்த நாட்களில், நாங்கள் எழுதியவற்றுள் பல அச்சேறவில்லை. ஊருக்குப் போனால் ஐயா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, இரவு பி.பி.சி. தமிழோசைக்காகக் குமிழைத் திருகுவார். "உன்ரை பேப்பரிலை வராதது இதிலை வருகுது" என்றார் ஒருமுறை. ஏளனமில்லை, உள்ளதைச் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. தமிழோசை வரும் இடத்தை அலைவரிசைக் கண்ணாடியில் சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருந்தார்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவில் சிறிய டிரான்சிஸ்டர் வானொலியைப் பேச வைத்தார்கள். வால்வுப் பெட்டிக்கு இருநூறு வோல்ற்றுக்கு மேல் வேண்டும். டைனமோவால் இயலாத காரியம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது அதைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் போன ஐயா, 1996 இல் திரும்பி வந்து அப்படியே கண்டெடுத்தார். அது மீண்டும் பேசுவதைக் கேட்க அவர் இருக்கவில்லை.

கண்ணாடியைத் துடைத்த திருத்துநர், சிவப்புக் கோட்டையும் அழித்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மின்சாரம் கொடுத்து அரை நிமிடம் சத்தமில்லை. பிறகு ஒரு மெல்லிய இரைச்சல். முள்ளைச் சிவப்புக் கோட்டுக்கு நகர்த்தினேன். இரைச்சல் மட்டுமே கேட்டது. தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரலோடு நின்றுபோனது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கை அங்கேதான் போனது. மத்திய அலைக்கு மாற்றியபோது, கடலுக்கு அப்பாலிருந்து ஒரு தமிழ்க்குரல் தேய்ந்தும் தெளிந்தும் வந்தது.

"சும்மா வைச்சால் திரும்பவும் பழுதாகும். கிழமைக்கு ஒருக்கால் போடும்" என்று சொல்லிவிட்டுப் போனார் முதியவர். ஞாயிறு இரவுகளில் போடுகிறேன்.