பொட்டி தட்டுறவன் செஞ்ச பொட்டி

"பையன் என்ன பண்றான்?"னு யாராவது கேட்டா, எங்கம்மா சொல்ற பதில், "பெங்களூர் கம்பெனி, வீட்டுல இருந்தே பொட்டி தட்டுறான்". ஆறு வருஷமா அதான் நம்ம தொழில். நான் எழுதின எதையும் வீட்டுல ஒருத்தரும் தொட்டுப் பார்த்தது கிடையாது. எங்கேயோ ஒரு சர்வர்ல ஓடிக்கிட்டிருக்கிறதை எங்க போய் தொடுறது? அதனால மக்களே, இந்தப் பதிவு தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொட்டியைப் பத்தி. உள்ள ஒரு ராஸ்பெர்ரி பை. வெளிய, அந்தக் கால வீடியோ கேம் கடைல ஆளுயரத்துக்கு நின்ன ஆர்கேட் மெஷினோட குட்டி உருவம்.

ராஸ்பெர்ரி பை பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 2012ல பிரிட்டன்ல, பசங்க புரோகிராமிங் கத்துக்கிறதுக்காக விட்ட மலிவு விலைக் கணினி. ஏடிஎம் கார்டு அளவுல ஒரே ஒரு போர்டு. நான் வாங்கினது 2021ல வந்த ஜீரோ 2 டபிள்யூ. இன்னும் குட்டி, 65க்கு 30 மில்லிமீட்டர். இதுக்கு கேஸ் கிடையாது, வெறும் பச்சை போர்டுதான். அதனாலதான் உலகம் பூரா ஆளாளுக்கு அதுக்கு விதவிதமா சட்டை தைச்சுப் போடுறாங்க. அதுல ஆர்கேட் பொட்டி ரொம்பப் பிரபலம்.

எனக்கு இந்த ஆசை காலேஜ் நாள்லேர்ந்தே உண்டு. ஆனா செய்ய வெச்சது ஆசை இல்ல. அப்பாவோட இடது கை.

அப்பா பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். திருச்சி - துறையூர் ரூட்ல பல வருஷம். கையில மெஷின் வர்றதுக்கு முன்னாடி கண்டக்டர்களைப் பார்த்திருப்பீங்க. இடது கைதான் அவங்களுக்கு ஆபீஸ். டிக்கெட் கட்டு அதுலதான், நீளவாக்குல மடிச்ச நோட்டு விரலிடுக்குல. வலது கை கிழிக்கும், இடது கை எல்லாத்தையும் வெச்சுக்கும். போன வருஷம் ஸ்ட்ரோக் வந்து, அந்தக் கைதான் போச்சு. கால் ரெண்டு மாசத்துல ஓரளவு வந்துடுச்சு. கை வரலை.

வீட்டுக்கு வர்ற பிசியோ மேடம் ஒரு ரப்பர் பந்தைக் குடுத்து, "தினமும் நிறைய தடவை அமுக்குங்கப்பா, எவ்ளோ பண்றீங்களோ அவ்ளோ நல்லது"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. அப்பா இருபது தடவை அமுக்குவார். அப்புறம் பந்தை ஜன்னல்ல வெச்சுட்டு, "இதையே எத்தனை தடவைடா அமுக்குறது, இது எங்க போய்ச் சேருது?"ம்பார். நியாயமான கேள்விதானே? இருபத்தஞ்சு வருஷம் ஏதாவது ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்துக்கிட்டே இருந்த மனுஷன்.

அப்பதான் இந்த ஆர்கேட் ஞாபகம் வந்துச்சு. 1980ல நாம்கோ கம்பெனி விட்ட பேக்மேன் தெரியும்ல? டோரு இவாடானி பண்ணினது. அந்த மெஷினோட பலகைல, ஆட்டத்தை ஆரம்பிக்கிற பட்டனை விட்டா, ஒரே ஒரு குச்சிதான். ஒரு பக்கம் தட்டிவிட்டா அந்தப் பக்கமே போயிட்டிருக்கும், பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டாம். பலம் இல்லாத கைக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு ஆட்டம்!

சரி, பொட்டிக்கு வருவோம். ரெடிமேடா கிடைக்கிற குட்டி ஆர்கேட் எல்லாம் பார்க்க அழகா இருக்கும், மேசைல வெச்சு போட்டோ எடுக்கலாம். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. நிஜ மெஷின் சுமார் 170 செ.மீ. உயரம். அதை நாலுல ஒரு பங்கா சுருக்கினா 42 செ.மீ. குச்சி மேல இருக்கிற உருண்டை 35 மி.மீ. அதையும் நாலுல ஒரு பங்கா சுருக்கினா 9 மி.மீ. கூட இல்ல, சுண்டைக்காய் சைஸ். முஷ்டி மூடாத கையால சுண்டைக்காயைப் பிடிக்க முடியுமா?

அதனால நம்ம டிசைன்ல ஒரே ஒரு சட்டம்: பொட்டி சுருங்கலாம், கை படுற இடம் சுருங்கக் கூடாது. உருண்டை முழுசா 35 மி.மீ., பட்டன் முழுசா 30 மி.மீ. மத்ததெல்லாம் அதுக்கு அடங்கி இருக்கணும். உள்ள இருக்கிற போர்டு என்னவோ தீப்பெட்டி சைஸ்தான். பொட்டியோட அளவை முடிவு பண்றது கணினி இல்ல, விளையாடுற கை. இது ஆறு வருஷ வேலைல எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம்.

முதல்ல கொரியர் அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு டம்மி செஞ்சேன். அப்பாவை வழக்கமா உட்கார்ற பிளாஸ்டிக் சேர்ல உட்கார வெச்சு, மேசை உயரம், கண் உயரம், முழங்கை எங்க படுதுங்கிறதெல்லாம் டேப்பால அளந்தேன். அம்மா வந்து பார்த்துட்டு, "அவருக்கு சட்டை தைக்கப் போறியா?"ன்னு கேட்டாங்க :-)

அட்டைல தெரிஞ்ச விஷயங்கள்:

ஒண்ணு, கை ஓய்வெடுக்க இடம் வேணும். குச்சிக்கு முன்னாடி 9 செ.மீ. காலி இடம் விட்டேன், மணிக்கட்டு அதுல படுத்துக்கும்.

ரெண்டு, திரை சாயணும். நேரா நிறுத்தினா டியூப்லைட் அடிச்சு ஒண்ணும் தெரியலை. 7 இஞ்ச் எல்சிடியை 25 டிகிரி பின்னாடி சாய்ச்சதும் சரியாச்சு.

மூணாவதுதான் பெரிய தலைவலி. நிஜ ஆர்கேட் மெஷின் நூறு கிலோ இருக்கும், நீங்க எவ்ளோ ஆட்டினாலும் அசையாது. குட்டிப் பொட்டி ரெண்டு கிலோ. குச்சியை இழுத்தா பொட்டியே கூட வரும். அந்தக் காலப் பொட்டி பின்னாடி அவ்ளோ நீளமா இருந்ததுக்கு ஒரு காரணம் உள்ள இருந்த டிவி டியூப். எல்சிடிக்கு அது தேவையில்ல. ஆனாலும் சாயாம இருக்கணும்னு 26 செ.மீ. ஆழம் விட்டு, அடில ரெண்டு 2 கிலோ படிக்கல்லை பட்டி போட்டு இறுக்கினேன். கல் உபயம்: மளிகைக் கடை வெச்சிருந்த பெரியப்பா வீட்டுப் பரண்.

பொட்டி 9 மி.மீ. பிளைவுட். பக்கத்துல ஃபர்னிச்சர் பட்டறைல கட்பீஸ் வாங்கி, அங்கயே ரெண்டு பக்கப் பலகையையும் ஒண்ணா வெச்சு அறுத்துத் தரச் சொன்னேன். அப்பதான் ரெண்டும் அச்சு அசலா ஒரே வளைவு வரும். மூலைக்கு மூலை சட்டம் வெச்சு ஃபெவிகால், அப்புறம் திருகு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சது மட்டும் ரெண்டு ராத்திரி. விளிம்புக்கு, கார் கதவு ஓரத்துல மாட்டுற ரப்பர் பீடிங். அப்பாவோட தோல்ல சிராய்ப்பு வந்தா இப்பல்லாம் சீக்கிரம் ஆறாது, அதனால இது அழகுக்கு இல்ல.

குச்சி உட்கார்ற மேல்பலகை மட்டும் பிளைவுட் இல்ல, 4 மி.மீ. அக்ரிலிக். நேம் போர்டு கடைல லேசர்ல ஓட்டை போட்டுத் தந்தாங்க. ஏன்னா குச்சியை அடில இருந்து மாட்டணும், பலகை தடிமனா இருந்தா குச்சியோட நீளத்தை அதுவே தின்னுடும். எனக்கு நீளம் வேணும். எட்டாங்கிளாஸ் நெம்புகோல் பாடம்தான்: குச்சி நீளமானா தள்ள பலம் கம்மியா போதும், கை மட்டும் கொஞ்சம் அதிக தூரம் போகணும். கை அதிக தூரம் போறதுதானே நமக்கு வேணும்! ரிச்சி தெருல குச்சி வாங்கும்போதே நீட்டுற ராடும் சேர்த்து வாங்கிட்டேன். உள்ள இருந்த ஸ்பிரிங்கையும் எடுத்துட்டு இளசா ஒண்ணு போட்டேன். குச்சிக்கு அடில இருக்கிற சதுரத் தட்டை 45 டிகிரி திருப்பினா குறுக்கு மூலைக்குப் போகாது, மேல கீழ இடம் வலம் மட்டும்தான்.

வயரிங் ரொம்ப சுலபம். குச்சிக்குள்ள நாலு மைக்ரோ சுவிட்ச், பட்டனுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணோட ஒரு காலும் பையோட ஒரு பின்னுக்கு, இன்னொரு காலெல்லாம் சேர்த்து கிரவுண்டுக்கு. பைக்குள்ளயே புல்-அப் இருக்கு, தனியா ரெசிஸ்டர் தேவையில்ல.

ஆட்டம் நானே எழுதினேன், பைத்தான்ல. பேக்மேன் மாதிரி சந்து சந்தா ஒரு வரைபடம், அதுல ஒரு பஸ், அங்கங்க நிக்கிற ஜனங்களை ஏத்திக்கிட்டுப் போகணும். அப்பா அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு ஸ்பெக் குடுக்க ஆரம்பிச்சார். ஆபீஸ்ல கூட இவ்ளோ தெளிவா எனக்கு யாரும் குடுத்ததில்ல.

"விசில் இல்லாம வண்டியை எப்படிடா எடுக்குறான்?"

அதனால வலது பக்கப் பட்டன் விசில் ஆச்சு. ஒரு தடவை அமுக்கினா நிறுத்து, ரெண்டு தடவை அமுக்கினா போலாம் ரைட்.

"துரத்துறது என்னது, பேயா? பேய் எதுக்கு? பின்னாடி பிரைவேட் வண்டி வர்றான்னு போடு."

போட்டேன். நாலு பிரைவேட் பஸ். முந்திப் போனா ஸ்டாப்பிங்ல நிக்கிற ஆளையெல்லாம் அவன் ஏத்திக்குவான். அன்னிக்கு ராத்திரி அப்பா சாப்பிட வர்றதுக்கு ஒன்பதே முக்கால் ஆச்சு.

ஆர்கேட் மெஷின் தலைல விளக்கு எரிய ஒரு பேர்ப்பலகை இருக்கும், மார்க்கீம்பாங்க. அதுல என்ன எழுதுறதுன்னு நான் யோசிக்கவே வேண்டியிருக்கலை. "திருச்சி - துறையூர்"னு கறுப்பு எழுத்துல அடிச்சுக் குடுத்தாங்க. அப்பா தடவிப் பார்த்துட்டு, "வழி போடலையே"ன்னார். அடுத்த நாள் கீழ சின்னதா "வழி: மண்ணச்சநல்லூர், புலிவலம்". பின்னாடி ஒரு எல்இடி பட்டை. லைட்டை அணைச்சா ராத்திரி டெப்போலேர்ந்து வண்டி வர்ற மாதிரியே இருக்கு.

இதனால கை சரியாயிடுச்சான்னு கேட்டா, தெரியாது. பிசியோவும் மாத்திரையும் நடக்குது, எது என்ன பண்ணுதுன்னு பிரிச்சுச் சொல்ல நான் டாக்டர் இல்ல. எனக்குத் தெரிஞ்சது லாக் எழுதுறது. குச்சி எத்தனை தடவை அசைஞ்சதுன்னு புரோகிராம் எண்ணி வைக்குது. முதல் வாரம் ஒரு நாளைக்கு நூத்துச் சொச்சம், முழங்கையோட சேர்த்துத் தள்ளினது. நாலாவது மாசம் இது, ஐநூறைத் தாண்டுது. கட்டை விரலும் ரெண்டு விரலும் உருண்டையைப் பிடிக்குது. மோதிர விரலும் சுண்டு விரலும் இன்னும் மூடலை. "கட்டுக்கு அடில குடுக்கிற விரல் அதுதான்டா"ன்னு அப்பா ஒரு நாள் சொன்னார். அதுக்கு மேல அதைப் பத்திப் பேசலை.

போன ஞாயித்துக்கிழமை, அவரோட ரொம்ப நாள் வண்டி ஓட்டின டிரைவர் மாமா பார்க்க வந்திருந்தார். நலம் விசாரிக்க வந்தவர் பத்து நிமிஷத்துல குச்சியைப் பிடிச்சு உட்கார்ந்துட்டார். அப்பா பக்கத்துல சேரைப் போட்டுக்கிட்டு பட்டன்ல கை வெச்சார். வலது கை. ரெண்டு ஆட்டம் போச்சு. மூணாவது ஆட்டத்துக்கு அந்தக் கையை எடுத்துட்டு, இடது கையைத் தூக்கிக் கொண்டுவந்து பட்டன் மேல வெச்சார். எட்டலை, உடம்பையே திருப்ப வேண்டியிருந்துச்சு. ஆனாலும் ரெண்டு விசில் வந்துச்சு, மாமா வண்டியை எடுத்தார்.

நாளைக்கு நேம் போர்டு கடைக்குப் போகணும். புது அக்ரிலிக் பலகை, விசில் பட்டன் இடது ஓரத்துல.

பி.கு: மொத்தச் செலவு ஏழாயிரத்துச் சொச்சம், அதுல பாதி திரைக்கே போச்சு. வீட்டுல இது மாதிரி யாருக்காவது செய்யணும்னு நினைச்சா, அளவை என்கிட்ட கேக்காதீங்க. அவங்க கையை அளந்துக்குங்க, அவங்களைப் பார்க்கிற பிசியோகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.