பெரியம்மாவும் பெப்ரவரி 4உம்

பெப்ரவரி முதல் கிழமையில் கிளிநொச்சிக்காரர் ஊரை விட்டு வெளிக்கிட யோசிப்பார்கள். காலபோக அறுவடை நடக்கும். முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் வெட்டு மெசின் லைற் போட்டுக்கொண்டு இரவிலும் ஓடும். வீதியோரத் தாரில் நெல் காயும். நாட்டின் சுதந்திர தினம் இந்த நேரம் பார்த்துத்தான் வருகிறது. 1948இல் நாள் குறித்தவர்களுக்கு வன்னி வயலின் ஞாபகம் இருந்திருக்காது.

2016இல் பெரியம்மாவுக்குக் கொழும்பில் கண் கிளினிக் 5ஆம் திகதிக்கு விழுந்தது. 3ஆம் திகதி இரவு மெயிலில் ஏறினோம். கிளிநொச்சிக்கு ரெயின் திரும்பி வந்ததே 2013 செப்ரெம்பரில்தான். அதற்கு முன் இருபது வருசத்துக்கு மேலாக இங்கே தண்டவாளமும் இல்லை, சிலிப்பர்க் கட்டையும் இல்லை, அதெல்லாம் பதுங்குகுழிக்கு மூடியாகப் போயிருந்தது. முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம் தாண்டி ஓமந்தை வந்ததும் பெரியம்மா விழித்துக்கொண்டா. பாஸ், பதிவு, மூட்டை முடிச்சோடு இறங்கி நடந்த இடம். அந்தச் சோதனைச் சாவடியை எடுத்தது 2015இல்தான். ரெயின் நிற்காமல் போனது. அவ வவுனியா வரைக்கும் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருந்தா.

வெள்ளவத்தையில் நாங்கள் எடுத்த லொட்ஜின் வாசலில் சின்னதாக ஒரு சிங்கக்கொடி கட்டியிருந்தார்கள். பொலிஸ் வந்து சொல்லிவிட்டுப் போனதாம். எனக்கு அந்தத் தெருவோடு வேறொரு கணக்கு உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் இப்படியான லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரை நூற்றுக்கணக்கில் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். தலைநகரில் தங்குவதற்குப் போதிய காரணம் இல்லை என்று சொன்னார்கள். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. தலைநகர் என்று சொல்கிறேனே, சட்டப்படி அது ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டை. 2015ஆம் ஆண்டு விழாவை அங்கே பாராளுமன்ற வளவில்தான் வைத்தார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் போய் உட்கார்ந்ததைப் பற்றி ஊரில் ஒரு மாதம் சண்டை நடந்தது. 2016இல் விழா திரும்பக் காலிமுகத்திடலுக்கு வந்திருந்தது.

"கிளினிக் நாளைக்குத்தானே. உதுக்குள்ள அடைஞ்சு கிடந்து என்ன செய்யிறது, வா தம்பி" என்று பெரியம்மாதான் வெளிக்கிட்டா. 2009 மேயில் வட்டுவாகலில் இளைய மகனை இராணுவத்திடம் கையளித்துவிட்டு வந்தவ. அவ கேட்டபிறகு நான் என்ன சொல்ல?

காலி வீதி கொள்ளுப்பிட்டிக்கு அப்பால் மறித்திருந்தது. ஓட்டோக்களில், பஸ் கண்ணாடியில், கடைப் பலகையில் எல்லாம் கொடி. ஒரு பையன் எங்களிடமும் ஒன்றை நீட்டினான். வாளேந்திய சிங்கத்துக்குப் பக்கத்தில் பச்சையும் செம்மஞ்சளும் இரண்டு பட்டி. ஒன்று முஸ்லிம்களுக்கு, மற்றது எங்களுக்கு. பெரியம்மா கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, துணி நல்லதோ என்று தடவிப்பார்த்து, திருப்பிக் கொடுத்தா. சோதனை இடத்தில் பொலிஸ்காரி கேட்க முன்னமே அட்டையை நீட்டினா. அவள் பையை மட்டும் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். வெயிலுக்குத் தண்ணி குடியுங்கோ அம்மா என்றதாகப் பின்னால் நின்றவர் சொன்னார்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து மேடை தெரியவில்லை. தலைகளும் தொப்பிகளும் நடந்து போவதுதான் தெரிந்தது. அணிவகுப்புப் பற்றி நான் எழுதப் போவதில்லை; உலகத்தில் எல்லா அணிவகுப்பும் ஒன்றுதான், பூட்ஸ் மட்டும் மாறும். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சிக்குள் வந்த படையும் இதே படை. அதன் நினைவாக எங்கள் நகரின் நடுவில் நிற்கிற கொங்கிரீட் கனசதுரத்தை, செல் துளைத்த வெடிப்பும் மேலே தாமரையுமாக, சந்தைக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

பிறகு வானூர்திகள் வந்தன. பக்கத்தில் சனம் கைதட்டியது, பிள்ளைகள் தோளில் ஏறிக் கை காட்டின. பெரியம்மாவின் தலை தானாகக் குனிந்தது.

"உது கிபிரோ தம்பி?"

"இல்லைப் பெரியம்மா, உவை சும்மா காட்டினம்."

வன்னியில் சத்தத்தை வைத்தே பெயர் சொல்ல மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. வண்டு என்றால் ஆளில்லாத வேவு விமானம். அது சுற்றிவிட்டுப் போனால் பின்னால் குண்டு போடக் கிபிர் வரும். 2006 ஓகஸ்ட் 14இல் வள்ளிபுனத்தில் செஞ்சோலை சிறுவர் இல்ல வளாகத்தின் மேல் வந்ததும் கிபிர்தான். அன்று செத்தவர்களில் பலர் பாடசாலை மாணவிகள். ஒரே வானம், ஒரே சத்தம். கொழும்புப் பிள்ளை மேலே பார்க்கிறது, எங்கட பிள்ளை குழிக்குள் பாய்ந்தது. தேசிய நாளில் யுத்தக் கருவிகளை ஏன் காட்டுகிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை. ஒரு வருசத்துக்கு டிராக்டரும் மீன்பிடி வள்ளமும் ஊர்வலம் போகட்டுமே. மதவாச்சிக்காரனும் முல்லைத்தீவுக்காரனும் சேர்ந்து நின்று பார்ப்பார்கள்.

விழா முடியும் தறுவாயில், சனம் கலையத் தொடங்கிவிட்ட நேரம், ஒலிபெருக்கியில் பிள்ளைகளின் குரல் வந்தது. தமிழில் தேசிய கீதம். ஆனந்த சமரக்கோனின் பாட்டைப் பண்டிதர் நல்லதம்பி தமிழாக்கியது. தமிழ்ப் பாடசாலைகளில் பாடப்பட்டு வந்ததுதான். அரச சுதந்திர தின மேடையில் 1949க்குப் பிறகு அன்றுதான் ஒலித்தது. போய்க்கொண்டிருந்த ஒருவர் எங்கே இருந்து சத்தம் வருகிறது என்று திரும்பிப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் நின்ற மலையகத் தம்பதி இருவரும் வாய்க்குள் சேர்ந்து பாடினார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒரு பாட்டில் என்ன இருக்கிறது என்று ஊரில் கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, ஆனாலும் சந்தோசமாக இருந்தது.

"வடிவாப் பாடுதுகள். எந்தப் பள்ளிக்கூடமாம்?" என்றா பெரியம்மா.

கடற்கரையில் இறால் வடை வாங்கினோம். வடையின் மேல் முழு இறால், கீழே ஒரு கடதாசி, மேலே சம்பலைத் தாராளமாக ஊற்றித் தருவார்கள். அவ தலையைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மதியம் ஆனது. கடற்படை வேட்டு மரியாதை வைக்கத் தொடங்கியது. மொத்தம் 25. பெரியம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டா. சண்டைக் காலத்தில் செல் குத்துகிற சத்தம் முதலில் கேட்கும்; எண்ணிக்கொண்டிருப்போம்; விழுகிற சத்தம் பிறகுதான் வரும். அந்த இடைவெளிக்குள்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். இங்கே குத்துகிற சத்தம் மட்டும்தான். 25உம் முடிந்த பிறகும் அவ விழுகிற சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு நின்றா. வெறும் வேட்டு என்று நான் சொன்னேன். "எனக்குத் தெரியும் மோனே" என்றா.

பின்னேரம் சுதந்திரச் சதுக்கத்துக்கு ஓட்டோ பிடித்தோம். அந்த மண்டபத்தைக் கண்டி அரச மாளிகையின் மகுல் மடுவவைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். 1815 மார்ச் 2இல் கண்டியை வெள்ளைக்காரனுக்கு எழுதிக்கொடுத்த இடம் மகுல் மடுவ. அங்கே போனதைத் திரும்ப இங்கே எடுத்தோம் என்பது இதைக் கட்டியவர்களின் எண்ணம், நல்ல எண்ணம்தான். ஆனால் கண்டி வீழ்வதற்குப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னமே, கண்டி அரசனோடு சேர்ந்து நின்று வெள்ளையனை முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்து துரத்திய ஆள் ஒருவன் இருந்தான். வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன். 1803 ஒக்ரோபர் 31இல் கப்டன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்த இடத்தில், ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்துக் கற்சிலைமடுவில், ஒரு நடுகல் வைத்தார்கள். வைத்தது வென்ற பக்கம். வவுனியாக் கச்சேரிக்குப் பக்கத்தில் அவனுக்குச் சிலை உண்டு. கொழும்பில் அவனை நினைத்தவர் அன்றைக்கு நான் மட்டும்தானோ என்னவோ.

அடுத்த வருசம் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் குந்தினார்கள். பெரியம்மாவும் போய்ச் சேர்ந்தா. அதன் பிறகு கிளிநொச்சியில் பெப்ரவரி 4 இரண்டு இடத்தில் நடக்கிறது. கச்சேரியில் சிங்கக்கொடி, கோயிலடியில் கறுப்புக்கொடி, இரண்டும் ஒரே ஏ9 வீதியில். 2020இல் கொழும்பு மேடையிலிருந்து தமிழ்ப் பாட்டை எடுத்துவிட்டார்கள். பெரியம்மாவிடம் சொன்னேன். "பாடின பிள்ளையளுக்கு மனவருத்தமா இருக்கும் என்ன" என்றா, வேறொன்றும் சொல்லவில்லை.

அவவின் மூத்த மகன் அரசாங்க உத்தியோகத்தன். கொடியேற்றத்துக்கு வெள்ளைச் சேட்டோடு காலமை போயே ஆகவேண்டும். தாயை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து கோயிலடியில் இறக்கிவிட்டு அப்படியே கச்சேரிக்குப் போவான். பெரியம்மாவுக்கு ஒரேயொரு நிபந்தனை: "முன்னுக்குக் கொண்டுவந்து நிப்பாட்டாத. ஆக்கள் படம் எடுக்கிறாங்கள், உன்ர வேலைக்குக் கூடாது. அங்கால பெட்டிக்கடையடியில விடு, நான் நடந்து போறன்."