அறுபது நாட்களும் காட்டுப்பழங்களும்

பெர்ரி என்ற சொல்லுக்குத் தமிழில் நேரான சொல் ஒன்றைத் தேடிக் களைத்திருக்கிறோம். களா, காரை, சூரை, இலந்தை, நாவல் எனத் தனித்தனியே பெயர்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடும் பொதுப்பெயர் எங்களுக்கு அகப்படவில்லை. தின்று பார்த்தவன் தனிப்பெயர் வைப்பான், வகைப்படுத்துகிறவன் பொதுப்பெயர் வைப்பான் என்று ஒருவாறு சமாதானம் செய்துகொண்டோம். தாவரவியலாரின் கணக்கோ இன்னும் வேடிக்கையானது. அவர்களுக்குக் கத்தரிக்காயும் தக்காளியும் வாழைப்பழமும் பெர்ரி. பிளாக்பெர்ரி மட்டும் பெர்ரி அன்று, அது திரள்கனி.

இத்தகைய ஆராய்ச்சிகளுக்கு எங்களுக்கு நேரம் வாய்த்தது 2023ஆம் ஆண்டுக் கோடையில். எங்களில் ஒருவர் எச்1பி விசாவில் வேலை பார்த்தவர். மற்றவர் அவரைச் சார்ந்த எச்4 விசாவில் இருந்தவர். ஜூலை 5 கடைசி வேலைநாள் என்று ஒரு காணொளிக் கூட்டத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். 2017 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, வேலை போனபின் அந்நாட்டில் தங்க அதிகபட்சம் 60 நாட்கள். அதற்குள் வேறொரு நிறுவனம் புதிய மனு தாக்கல் செய்ய வேண்டும். அல்லது விசா வகையை மாற்ற நாங்கள் விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். நாட்காட்டியில் செப்டம்பர் 3ஐ வட்டமிட்டோம்.

வாரத்தில் நான்கு நாட்கள் சியாட்டிலில் இருந்து விண்ணப்பங்கள் அனுப்புவது, மூன்று நாட்கள் கடற்கரைக்குப் போய்விடுவது என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். கூடாரம் ஏற்கெனவே இருந்தது. கட்டுச்சோற்றுக்குப் புளிக்காய்ச்சல் இருந்தது. நகரத்தில் ஓர் இரவு உணவுக்கு ஆகும் செலவில் மூன்று நாட்கள் ஓடின.

ஒலிம்பிக் தீபகற்பம் வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கு முனையில் பசிபிக் கடலைப் பார்த்து நிற்கிறது. அதன் நடுவே பனிமலைகள். மலைக்கு மேற்கேயுள்ள பள்ளத்தாக்குகளில் ஆண்டுக்கு 3 மீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. 1938இல் அமைந்த தேசியப் பூங்காவுக்குள் 70 மைலுக்கும் மேற்பட்ட கடற்கரையும் அடக்கம். அதன் பெரும்பகுதியில் சாலை கிடையாது. நடந்தே போக வேண்டும். நெய்தலும் குறிஞ்சியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் நிலம் என்று நமக்குப் பழகிய மொழியில் சொல்லலாம். காடு முடியும் இடத்திலேயே அலை தொடங்குகிறது. இடையில் ஆறுகள் அடித்துக்கொண்டுவந்த மரங்கள் யானைகள் படுத்திருப்பதுபோல் குவிந்து கிடக்கின்றன. பெரிய அலை வரும்போது அம்மரங்கள் உருண்டு ஆளைக் கொல்லும் என்ற எச்சரிக்கையைப் பல இடங்களில் படித்தோம்.

இங்கு நடப்பவர்களுக்கு வேதநூல் ஓத அட்டவணைதான். நம் சென்னைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர். பலரும் அதைக் கவனிப்பதே இல்லை. இங்கே 3 மீட்டர் வரை போகிறது. காலையில் நடந்து வந்த மணல் மாலையில் கடலாகிவிடும். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனைகள் சிலவற்றைச் சுற்றி, நீர் இறங்கியிருக்கும்போது மட்டுமே போகலாம். சிலவற்றுக்குக் காட்டின் வழியே மேல்வழி உண்டு. அதன் தொடக்கத்தில் மரத்தில் சிவப்பும் கறுப்புமாக ஒரு வட்டத் தகடு தொங்கும். அங்கிருந்து கயிற்றைப் பிடித்தும் ஏணியில் தொற்றியும் ஏற வேண்டும். உணவு முழுவதையும் கரடியால் திறக்க முடியாத உருளை டப்பாவில் வைத்தே ஆக வேண்டும். கரடியைவிட ரக்கூன்கள்தாம் பெரிய திருடர்கள்.

இனிப் பழங்கள். ஜூலைத் தொடக்கத்தில் சால்மன்பெர்ரி முடிகிற பருவம். பொன்னிறத்திலும் செந்நிறத்திலும் இருக்கும், நீர்த்த சுவை. அது பழுக்கும் காலத்தில் காட்டில் ஒரு குருவி, குரல் சுருள் சுருளாக மேலேறும்படி பாடுகிறது. ஸ்வெயின்ஸன் திரஷ் என்ற அக்குருவியைச் சால்மன்பெர்ரிக் குருவி என்றே அப்பகுதித் தொல்குடியினர் பலர் தம் மொழிகளில் அழைத்திருக்கிறார்கள். பழம் பழுத்தது என்று பாட்டு அறிவிக்கிறது. ஜூலை நடுவில் திம்பிள்பெர்ரி வரும். முள் இல்லை, இலை உள்ளங்கையைவிடப் பெரியது. பறிக்கும்போதே விரலில் நசுங்கிவிடும் அளவுக்கு மென்மை, ஆகவே கடைக்கு வருவதில்லை. செடியருகே நின்றால்தான் உண்டு. சிவப்பு ஹக்கிள்பெர்ரி குன்றிமணி அளவில் புளிப்பாக இருக்கும். செத்துப்போன பெருமரங்களின் மட்கிய அடிக்கட்டைகளின் மேல் வேர்விட்டு வளர்வதில் அதற்கு விருப்பம் அதிகம். ஆகஸ்டில் சலால். கருநீலம், மாவுபோன்ற சதை. தொல்குடியினர் அதைப் பிசைந்து உலர்த்தி அடைகளாக்கிக் குளிர்காலத்துக்குச் சேமித்தார்கள்.

எல்லாச் சிவப்பும் உணவல்ல. பேன்பெர்ரி என்று பளபளக்கும் நச்சுக்கனியும் அதே காட்டில் இருக்கிறது. நூறு விழுக்காடு உறுதியாகத் தெரியாத எதையும் நாங்கள் வாயில் வைக்கவில்லை. பூங்காவுக்குள் சொந்த உணவுக்கு மட்டும், வரையறுத்த அளவே பறிக்கலாம்.

பூங்காவுக்கு வெளியே, சாலையோரங்களில் அளவே தேவைப்படாத ஒன்று உண்டு: இமாலயப் பிளாக்பெர்ரி. லூதர் பர்பாங்க் என்ற புகழ்பெற்ற தாவர வளர்ப்பாளர் இந்தியாவிலிருந்து வந்த விதைகளை வளர்த்து, 1885 வாக்கில் ஹிமாலயா ஜயன்ட் என்று பெயரிட்டு விற்றார். செடியின் உண்மைத் தாயகம் ஆர்மீனியப் பகுதி. பெயர் மட்டும் இமயத்தோடு நின்றுவிட்டது. இன்று வாஷிங்டன் மாநிலத்தின் களைப்பட்டியலில் அது இருக்கிறது. களை என்று சபிப்பவர்களே ஆகஸ்ட் மாதத்தில் வாளியோடு வருகிறார்கள். நாங்களும் போனோம். கையெல்லாம் கீறலோடு பறித்துவந்து, வெல்லமும் மிளகாய்த்தூளும் சேர்த்துப் பச்சடி செய்தோம். களாக்காய்ப் பச்சடிக்குச் சற்றும் இளைத்ததன்று.

ஓஸெட் ஏரியிலிருந்து கடலுக்குப் போய், கரையோரமாக நடந்து, வேறு வழியில் திரும்பும் முக்கோணப் பாதை ஒன்பது மைல். அதன் ஒரு முனையில் மக்கா இனத்தவரின் பழைய ஊர் இருந்தது. சில நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சேற்றுச்சரிவு அங்கிருந்த வீடுகளை மூடிவிட்டது. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் மரப்பெட்டிகளும் கூடைகளும் தூண்டில்களும் அழுகாமல் கிடந்தன. 1970இன் புயல்களுக்குப் பின் அவை வெளிப்பட, 1981 வரை அகழ்வாய்வு நடந்தது. 55,000க்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. அவற்றுக்காக மக்கா மக்கள் நியா பேயில் 1979இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே ஒரு கூடையின் முன் நெடுநேரம் நின்றோம். எத்தனை நாள் இங்கே தங்கலாம் என்று எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு, அந்தக் கேள்வியே சற்றுச் சிறுத்துப்போயிற்று. ஆனால் மறைந்துவிடவில்லை.

எங்களுக்குள் இரண்டு கருத்துகள் இருந்தன. சுற்றுலா விசாவுக்கு மாற்ற விண்ணப்பித்து வேலை தேடுவதைத் தொடரலாம் என்பது ஒன்று. பதினொரு ஆண்டுகள் போதும், ஊருக்குப் போகலாம் என்பது மற்றொன்று. வீட்டில் இதைப் பேசத் தொடங்கினால் பத்து நிமிடத்தில் குரல் உயர்ந்துவிடும். ஒருவர் மடிக்கணினியைத் திறந்துகொள்வார், மற்றவர் பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

ஆகஸ்ட் நடுவில் ரியால்டோ கடற்கரைக்கு வடக்கே ஒரு பாறை முனையில் ஓதம் இறங்கக் காத்திருந்தோம். மேல்வழி இல்லாத முனை. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கைப்பேசியில் அலைவரிசை இல்லை. எழுந்துபோக இடமும் இல்லை. முதல் மணி நேரம் பேசவில்லை. பிறகு பணக்கணக்கிலிருந்து பெற்றோரின் முதுமைவரை எல்லாவற்றையும் பேசினோம். அழவும் செய்தோம். நீர் இறங்கி முதல் பாறை தலைகாட்டியபோது, ஊருக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. யாரும் யாரையும் வெல்லவில்லை. இருவருக்கும் அதில் இழப்பு இருந்தது.

ஆகஸ்ட் 31இல் விமானம் ஏறினோம். இப்போது கோவில்பட்டியில் இருக்கிறோம். வேலை ஒருவருக்குக் கிடைத்தது. சம்பளம் பழைய கணக்கோடு ஒப்பிடத் தக்கதன்று. கரிசல்காட்டு ஓடைக்கரையில் சூரைப்பழம் பறிக்கப் போனபோது, முள்ளுக்குள் கைவிடும் விதத்தைப் பார்த்து ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சி, “பழகின கையால்லா இருக்கு” என்றார்கள்.

அந்தக் கரையில் எங்களுக்குக் கிட்டாத பழம் ஒன்று உண்டு. பசுமைமாறா ஹக்கிள்பெர்ரி; கடலோரக் காட்டில் செப்டம்பருக்குப் பின் கறுத்துப் பழுப்பது. கடைசி முறை போனபோது கொத்துக் கொத்தாகப் பச்சைக் காய்களைப் பார்த்தோம். இலையுதிர் காலத்தில் அப்பக்கம் செல்லும் நண்பர்கள் ஓத அட்டவணையை எடுத்துக்கொண்டு போகட்டும். பழம் குளிர்காலத் தொடக்கம் வரையிலும் செடியிலேயே நிற்குமாம், அவசரமில்லை.